போகாத மூன்று அழைப்புகள்

அப்பாவும் அவளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புது போனில் சிம் போட்டது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அப்பா குத்தினார்.

"மெல்லப்பா. இது லிப்ட் கதவு இல்ல."

"லிப்ட் கதவுன்னா ஒரு தட்டுல வழிக்கு வந்துடும், பாப்பா. இது சீமாட்டி."

அப்பாவுக்காக, அவள் வேலை பார்க்கும் நாட்டில் வாங்கிய போன் அது. இங்கே வேலை செய்யுமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துத்தான் வாங்கினாள். தொலைத்தொடர்புப் பொறியாளர் அவள். எந்தக் கம்பெனி சிம்மையும் ஏற்கும், பூட்டில்லாத போன். இங்குள்ள நெட்வொர்க்கின் அலைவரிசைகளைப் பட்டியல் போட்டு ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தியது. சிம் போட்டதும் நான்கு கோடுகள் ஏறின. அடுத்த அறைக்குப் போய் வீடியோவில் அழைத்தாள். திரை முழுக்க அப்பாவின் மூக்கு.

"வேலை செய்யுதா?"

"ஜோரா!"

இரண்டு நாளில் அவள் விமானம் ஏறினாள்.

அப்பா முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக். "தினம் நூறு பேர மேல அனுப்புறேன், ஒருத்தரும் புகார் சொன்னதில்ல" என்று சிரிக்காமல் சொல்வார். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் ஸ்பானருக்கு முன் போனைத்தான் எடுப்பார். உள்ளே இருப்பவரின் எண்ணைக் காவலாளியிடம் வாங்கி, "என்னம்மா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஆரம்பிப்பார். கதவு திறக்கும்வரை பேச்சு நிற்காது.

சிம் போட்ட நாற்பதாம் நாள், புதன்கிழமை. பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருடன் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் கூட்டாளி கீழ்த்தளத்தில் இருந்தார்.

"பத்து நிமிஷ வேலை, முடிச்சிட்டு வரேன்னு ஏறினாரும்மா. அரைமணி ஆச்சு. கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. லிப்ட நிறுத்தி வெச்சிருந்தோம். பத்து மாடியும் படியில ஓடினேன்."

அவள் வந்து சேர்ந்து, சடங்கெல்லாம் முடிந்த மறுநாள், அப்பாவின் கருவிப் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் இதைச் சொன்னார். அவள் அந்தப் புது போனைத் திறந்தாள். கூட்டாளிக்கு மூன்று அழைப்புகள். 11.12, 11.13, 11.15. மூன்றும் பூஜ்யம் நொடி.

அதிலிருந்து, பக்கத்தில் கிடந்த அம்மாவின் போனுக்கு அழைத்துப் பார்த்தாள். நான்கு கோடுகள். சத்தமே இல்லை. துண்டித்துக்கொண்டது.

இந்த நெட்வொர்க்கில் சாதாரணப் பேச்சும் 4ஜியில்தான் போகும். அதற்கு நெட்வொர்க் கம்பெனி இந்த மாடலை அனுமதித்திருக்க வேண்டும். அதை அவள் பார்க்கவில்லை. அன்று அழைத்ததும் வீடியோவில். அது இணையத்தில் போகும். அவளோடு இந்த வீட்டில் யாரும் வேறு மாதிரி பேசியதே இல்லை.

"நாப்பது நாளா இதுல பேசவே முடியலையா?"

கூட்டாளி கருவிப் பையிலிருந்து அப்பாவின் பழைய பட்டன் போனை எடுத்து வைத்தார். "காலைல சிம்ம இதுல போடுவாரு. சாயங்காலம் நீங்க கூப்பிடுற நேரத்துக்கு அதுல மாத்துவாரு. என்னண்ணே, ரெண்டு குடித்தனமான்னு கிண்டல் பண்ணுவேன். 'எம் பொண்ணு பாத்துப் பாத்து வாங்கினதுடா, அவகிட்ட மூச்சு விட்ட, அவ்வளவுதான்'னாரு."

அப்பாவின் சாவிக்கொத்தில் அந்த ஊசி தொங்கியது.

11.16க்கு ஒரு வீடியோ அழைப்பு. அவளுக்கு. வேலை நேரத்தில் அப்பா கூப்பிடவே மாட்டார். கை பட்டிருக்கும் என்று நினைத்து, மீட்டிங்கில் இருந்தவள் துண்டித்திருந்தாள். அன்று அந்த போனிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரே அழைப்பு அதுதான்.

"புதன்கிழமை பகல்ல சிம் ஏன் இதுல இருந்துச்சு?"

"தெரியலம்மா. பட்டன் போன் கீழ, என் பக்கத்துல, இந்தப் பையிலதான் கெடந்துச்சு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அம்மா அவள் பக்கம் நகர்த்தினாள். சட்டைப் பையில் இருந்தவை. சீப்பு, இரண்டு போல்ட், நான்காக மடித்த சர்வீஸ் சீட்டு. அதன் பின்பக்கம், லிப்ட் கதவுகளில் எச்சரிக்கை எழுதும் அதே கொட்டை எழுத்தில்:

"புதன் மதியம் 1 மணி. போன் கம்பெனி கடை. நெட் வருது, கால் போகலைன்னு கேட்கணும். சிம்மை அதிலேயே போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்."