பிரேக் அக்கா நாலாவது கியர் போட்ட கதை

பிரேக் அக்கா கேம்பர் வேனில் ஏறி, பெல்ட்டை மாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே சாவியோடு அவருடைய கணவரும் காத்திருந்தார். கொஞ்ச நேரம் இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்காக உக்காந்திருக்க?"

"வண்டிய எடுக்கறவங்களுக்காக."

"அது நீதான்."

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சொல்லிக்கொடுப்பவருக்கு உரிய இடம் பக்கத்து சீட். பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஊரின் டாக்டர், வக்கீல், இரண்டு கவுன்சிலர்கள் எல்லோர் உயிரும் ஏதோ ஒரு காலத்தில் அக்காவின் செருப்புக்கு அடியில் இருந்ததுதான். பட்டப்பெயர் அப்படி வந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள், ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள். இதுதான் அந்த டிரைவிங் ஸ்கூல். போன் எடுக்கத்தான் அங்கே சேர்ந்தார் அக்கா. ஒரு நாள் பயிற்சியாளர் கோபித்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கிப் போய்விட, அழுதுகொண்டிருந்த மாணவியையும் காரையும் அக்காதான் போய் மீட்டு வந்தார். மறுநாளிலிருந்து அந்த சீட் அவருடையது. தபால் நிலையம், ஆஸ்பத்திரிப் பின்சுவர், மைதானம், மறுபடி ஸ்கூல். ஓடிய தூரத்தைக் கூட்டினால் உலகத்தையே சுற்றியிருப்பார். ஆனால் அந்தச் சுற்றைத் தாண்டியதில்லை. அந்தச் சந்துகளில் இரண்டாவது கியரே அதிகம். நாலாவது கியர் அவருக்குச் சொர்க்கம் மாதிரி. இருக்கிறது என்று வகுப்பில் அடித்துச் சொல்வார், போய்ப் பார்த்ததில்லை.

வேனைக் கொடுத்தவர் பழைய மாணவர், இப்போது சுற்றுலா வேன்களுக்கு முதலாளி. படுக்கை, அடுப்பு, கைகழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று ஒரு குட்டி வீடே அதற்குள் இருந்தது. "கடலோர ரோட்டுல கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்ட்டு வாங்க, மேடம். மலைப்பாதை கொஞ்சம் ஒரு மாதிரி. முடியலன்னா ஒரு போன் பண்ணுங்க, டிரைவர அனுப்பறேன்" என்றார் பணிவாக. அந்தப் பணிவுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. டிரைவர் வந்து இறங்கினால் மறுநாள் ஊரில் யாரும் அக்காவுக்கு முன்னால் சிரிக்க மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தே தீர்த்துவிடுவார்கள். எப்படியாவது கலங்கரை விளக்கம் வரை தானே ஓட்டிவிட வேண்டும்.

அக்கா இறங்கி, சுற்றி வந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நெஞ்சு படபடத்தது. பயமா ஆசையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

பக்கத்து சீட்டில் கணவர். கண்ணாடிக் கடையில் ஊராரின் பார்வையைச் சரிசெய்பவர். மனைவியிடமே கார் கற்கப் போய், லைசென்ஸா கல்யாணமா என்ற நிலை வந்தபோது கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். பின்னால் படுக்கையில் அவருடைய தங்கை. வங்கி கவுண்டரில் வரிசையை வாயாலேயே மேய்க்கும் நாத்தனார்.

"அண்ணி, ஒரு சைக்கிள்காரர் நம்மளத் தாண்டிப் போறார்."

"போகட்டும்."

"திரும்பிப் பாத்துட்டுப் போறார். யாருக்கோ உடம்பு சரியில்லன்னு நினைச்சிருப்பார்."

ஒரு வளைவு திரும்பியதும் கடல் மொத்தமாக வந்து விழுந்தது. "ஐயோ, நீலத்தப் பாரேன்" என்றார் கணவர். "அண்ணி, பாறைக்கு நடுவுல படகு போகுது" என்று நாத்தனார் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டார். அக்கா பார்த்தது வெள்ளைக் கோட்டை மட்டும். கடல் காதுக்குள் இரைந்தது, உப்புக் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கியர் போட்டார். வேன் உறுமியது. அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது.

பிறகு ஏற்றம் ஆரம்பித்தது. நட்டுவைத்த ஏணி மாதிரி ஏற்றம், அதன் உச்சியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பாதியில் வேன் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மெல்லப் பின்னால் நழுவியது. பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் விழும் என்று அக்கா ஒரு கணம் காத்திருந்தார். அங்கே கணவர் வெறும் தரையை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வேன் நின்றது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் மேல் கையை வைத்து எடுக்கவேயில்லை.

"போன் போட்டுரட்டுமா?" கணவரின் விரல் ஏற்கெனவே நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அதுக்குள்ள அந்த பஸ் நம்மள மேல தள்ளிட்டுப் போய்டும்."

அக்கா யாரையும் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்கூல் குரலில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"பதறாதீங்க. ஹாரன் அடிக்கறவனுக்கு வேற வேலை இல்ல. கிளட்ச முழுசா மிதிங்க. முழுசான்னா முழுசா, என்ன வலிக்குதா?"

"யார்கிட்ட பேசற?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க, கிளாஸ் நடக்குது. ஸ்டார்ட் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர் கொஞ்சம். கொஞ்சம்னு சொன்னேன். இப்ப கிளட்ச மெதுவா விடுங்க, வண்டி மூக்கத் தூக்கும். தூக்குதா? ஹேண்ட் பிரேக்க இறக்குங்க. கைய ஏன் நடுங்க விடறீங்க? உங்கள யாரு பெத்தாங்களோ."

வேன் மூக்கைத் தூக்கியது, ஓர் இஞ்ச் ஏறியது, ஒரு முழம் ஏறியது, வளைவில் உடம்பை முறுக்கிக்கொண்டு திரும்பி உச்சிக்கு வந்து சேர்ந்தது. திட்டு வாங்கிய மாணவிக்கும் திட்டிய டீச்சருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்துக் கொட்டியது.

அந்தப் பக்கம் சாலை அகலமாக, நேராக, ஆளே இல்லாமல் கடலை ஒட்டிக் கிடந்தது. மூன்று. இன்ஜின் கெஞ்சியது. அக்கா கிளட்சை மிதித்து, கையைப் பின்னால் இழுத்து, நாலைப் போட்டார். சத்தம் சட்டென்று அடங்கி வேன் வழுக்கிக்கொண்டு பறந்தது. அடுப்பு மேல் தட்டுகள் கலகலத்தன. நாத்தனார் ஒரு கையால் தட்டுகளையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, இதுதான் அந்த நாலாவதா?"

"இதேதான்."

"இவ்ளோ நாளா இத வெச்சுக்கிட்டா தபாலாபீஸச் சுத்திட்டு இருந்தீங்க?"

கலங்கரை விளக்கத்தில் சாலை முடிந்து மணல் வந்தது. அண்ணனும் தங்கையும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அலைக்குள் இறங்கினார்கள். கணவர் சட்டை நனைந்து திரும்பி வந்தபோதும் அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை.

"இறங்கேன். இவ்ளோ தூரம் ஓட்டிட்டு கடல ஒரு தடவகூட பாக்கல நீ."

அக்கா திரும்பி, முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார். இமைக்காமல், வெகு நேரம். பிறகு கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் கடலோரமாகவே வளைந்து போகும் ஒரு மண்பாதையைக் காட்டினார்.

"அது எங்க போகுது?"

"யாருக்குத் தெரியும்?"

"உங்க தங்கச்சியக் கூப்பிடுங்க" என்று அக்கா சாவியைத் திருகினார்.