அத்தையின் ஓட்டப் பயிற்சி

ஞாயிறு பூசை முடிந்து கலஹா தேயிலைத் தோட்டத்துக்கு என்னைப் பார்க்க வரும் மகள், இப்போது ஓடப் பழகுகிறாள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போன் சொல்லிக்கொடுக்கிறதாம். அவள் மூச்சிரைப்பது அப்படியே என் அத்தையின் சத்தம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தமிழர்களை அடிக்கும் கலவரம் வரப்போகிறது என்று பேச்சு. அப்பாவின் அக்கா கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்களோடு தேயிலைக்குள் தப்பி ஓடப் பழகுவார்.

"அத்தை, ஒங்களவிட பூசணிக்கா வேகமா உருளும்!"

"சிரிடி, சிரி. அவனுங்க வந்தா இந்தப் பூசணிதான் முன்னுக்கு ஓடும்."

ஒரு ஞாயிறு அவர்கள் வந்தேவிட்டார்கள். சொன்னபடி அத்தைதான் முன்னால் ஓடினார். வழியில் மாதா சிலை நிற்கும் கெபி. அதைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி, நின்று சிலுவை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை நின்றார்.

"நீங்க ஓடுங்க, இந்தா வர்றேன்."

அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. மறுநாள் கெபி முன்னால் செருப்புகள் சோடியாக, ஒழுங்காக இருந்தன.

இன்று வாசலில் நின்று பார்க்கிறேன். மகள் அதே கெபி முன்னால் நின்று, சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிகிறாள்.

"நிக்காம ஓடுடி!" என்று கத்தினேன்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா அம்மா?"

"மாட்டாங்க. அன்னைக்கும் சும்மாதான் பாத்துக்கிட்டு நின்னாங்க."