கோதண்டம் அண்ணன் காத்திருந்த பஸ்

செவ்வாய்க்கிழமை காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து என் பேத்தி கலைவாணி போன் செய்தாள். "ஆயா, தாத்தா பூட்டாரு" என்றாள். என் அண்ணன் கோதண்டம் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை.

மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், டிக்கெட் கிழிக்கும்போது கை நடுங்கியது. "இன்னா கண்டக்டரே, காலையிலயே சரக்கா?" என்று ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்ததாம். மூளை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்ன பிறகும் தெரு அவரைக் குடிகாரர் என்றது. அந்த வாய்களை நான் மன்னிக்கப் போவதில்லை. அவரோ, "சிரிச்சிக்கினு போவட்டும். டிக்கெட்டு எடுத்தா சரி" என்பார்.

கலைவாணி பொத்தேரி காலேஜில் அந்த நோய்க்குத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அவருக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னாள்:

"மூளையில ஏற்பின்னு ஒண்ணு கீது தாத்தா, ஸ்டாப்பு மாதிரி. கஞ்சால கீற பொருளு அங்கதான் வந்து எறங்கும். அந்த ஸ்டாப்புக்கு ஏத்த மருந்து அனுப்பி நரம்பைக் காப்பாத்த முடியுமான்னு பாக்கறோம்."

"ஸ்டாப்பு கீது, சரி. பஸ்ஸு எப்ப வரும்?"

"இப்போதிக்கு எலிக்குத்தான் ஓடுது. நீ மாத்திரைய வுட்றாத."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஐந்தாவது படித்தவளின் பேத்தி என்ற பெருமையில், ரேஷன் கடை வரிசையில் நின்று, "கைநடுக்கத்துக்குக் கஞ்சாவுலயே மருந்து கண்டுபுடிச்சிட்டா எம் பேத்தி" என்று ஊருக்கே சொன்னேன். எலியைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் கஞ்சா எண்ணெய் விற்கிற ஒருவன் அண்ணன் வீட்டுக்கு வந்தான். "உம் பேத்தி செய்யற அதே மருந்து அண்ணாத்த. மாத்திரையத் தூக்கிப் போடு" என்றானாம். பேத்தி பெயரைச் சொன்னதும் அண்ணன் நம்பிவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை. "கலை வந்து பாக்கட்டும், கை நிக்கறத" என்று அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மாத்திரை நின்றது. உடம்பு கட்டையாக விறைத்தது. விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அவன் விற்ற எண்ணெய்ப் பாட்டிலைக் கலைவாணி போலீசில் கொடுத்திருக்கிறாள். அவனோ சாவுக்கே மாலையோடு வந்தான். "அண்ணாத்த தங்கமானவரு" என்றான். மாலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். "உன்ன வூட்டுக்குள்ள இட்டாந்தது என் வாயிடா. அது மட்டும் இல்லன்னா இன்னும் பேசுவேன், போ" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களே, அந்த பஸ் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதென்று எவன் கூவினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

சுடுகாட்டுக்குப் போகும் வண்டியில் அண்ணனை ஏற்றியாயிற்று; தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணனின் கண்டக்டர் விசில் என் கையில் இருந்தது. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். ஒன்றோடு நிறுத்திவிட மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டு அடித்தேன் அண்ணா. வண்டி புறப்பட்டது.