கோவா இலையில் ஒரு படையல்

"…ஏன்னா கல்லு மேல முட்டைக்கோஸ் இலை, இலையில காஞ்ச சோறு, கல்லு இடுக்குல அரை வடை. இந்தத் தீவுல இத வைக்கிறதுக்கு ரெண்டே பேர்தான் இருக்கோம். நான் வைக்கலக்கா."

குசினிக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றுகொண்டு அந்தப் பிள்ளை இதைச் சொன்னபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முந்திய ஜூன் மாதம். நோர்வேயின் வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஒரு சின்னத் தீவு. மரம் என்று ஒன்று கிடையாது. பாறை, புல், சுற்றிக் கடல், நடுவில் ஒரு பழைய மீனவர் வீடு. கோடையில் ஆராய்ச்சிக்காரர் வந்து தங்குவதற்காக அந்த வீட்டைத் திருத்தி வைத்திருந்தார்கள்.

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் கன்ரீனில் சமைக்கிறவள். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கியது. யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் கையில் அகப்படும் துண்டில் எழுதி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்வேன். உடுப்புத் தோய்க்கும்போது பாதி கரைந்துபோகும். கரையாதது மனதில் நிற்கும்.

அந்தப் பிள்ளை மதுரைக்காரி. கலியாணம் முடித்து ஒரு வருடம். கணவர் மதுரையில், இவள் இங்கே கடல்வாத்து ஆராய்ச்சியில். கன்ரீனில் என் பருப்பு சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அக்கா நீங்க தமிழா என்று கேட்டாள். அன்றையிலிருந்து பழக்கம். நான் கோவா என்றால் அவள் சிரிப்பாள். அவள் முட்டைக்கோஸ் என்றால் நான் சிரிப்பேன். தீவுக்கு வழக்கமாகப் போகிற சமையற்காரருக்குக் கால் முறிந்துவிட்டது என்றதும், எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறா என்று என்னைச் சொன்னது அவள்தான். ஐந்து கிழமை, அவள் பேச்சில் ஐந்து வாரம், மூன்று பேருக்குச் சமையல்.

நான் ஓம் என்றதற்கு வேறொரு காரணம். என் கணவர் அகதியாக வந்த புதிதில் நாலு வருடம் ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். பிறகுதான் ஒஸ்லோ, பஸ் ஓட்டம் எல்லாம். "அந்தக் கடல் பாக்கத்தான் வடிவு. தொட்டால் கடிக்கும்" என்பார். ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், காட்டாமலே போய்விட்டார். அந்தக் கோடைக்கு ஆறு வருடம் முந்தி, மாரடைப்பு.

தீவில் மூன்றாவது ஆள் ஒரு நோர்வேஜியர். பாறை ஆராய்ச்சி. ஓய்வு பெறுகிற வயது. அங்கே பொறுப்பும் அவர்தான். வீட்டுக்குப் பின்னால் உருண்டைக் கற்கள் படிக்கட்டுப்போல வரிசை வரிசையாக மேலே ஏறிப்போகும். ஒவ்வொரு வரிசையும் ஒரு காலத்துக் கடற்கரையாம். மலைபோன்ற ஐஸ் அந்த நிலத்தின் மேல் படுத்திருந்ததாம். அது உருகிப் பல ஆயிரம் வருடமாகியும் நிலம் இன்னும் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறதாம். பாரம் இறங்கிவிட்டது, நிமிரத்தான் நாள் எடுக்கிறது என்றார். நான் உடனே மா பைக்கற்றைக் கிழித்து எழுதி வைத்தேன்.

பிள்ளையின் வாத்துக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணிறப் பெண் வாத்து, தன் நெஞ்சுத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் மெத்தை போட்டு முட்டை இடும். அடைகாக்கிற மூன்று, நாலு கிழமையும் அநேகமாகச் சாப்பாடே இல்லை. அவை மனிதர் குடியிருக்கும் வீட்டை அண்டிக் கூடு வைக்கிறதுண்டு. ஆள் நடமாட்டத்துக்குக் காகம் பயப்படும், அந்தத் துணிவு என்று அவள் சொன்னாள். அது உண்மைதானா என்று எண்ணிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டுப் பக்கம் பதினெட்டுக் கூடு, மறுகரையில் பதினெட்டு. எந்தப் பக்கம் அதிகம் பிழைக்கிறது என்று மூன்று கோடை பார்க்க வேண்டும். அது மூன்றாவது கோடை. முடித்துவிட்டால் குளிர் தொடங்க முதல் ஊருக்குப் போய்விடுவாள்.

வந்த முதல் நாளே பாறைக்காரர் எனக்கு ஒரு விதி சொன்னார். சாப்பாட்டுக் குப்பை ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது. தலையாட்டினேன். உருளைக்கிழங்குத் தோலைக்கூட வாளிக்குள் போட்டு மூடி, படகில் ஏற்றி அனுப்பினேன். என் குசினியை அவர் இரண்டு தரம் மெச்சினார்.

இரண்டாவது கிழமை என் கணவருடைய திவசம் வந்தது.

ஒஸ்லோவில் ட்வெய்ட்டா என்ற பகுதியில், எட்டாம் மாடியில் இருக்கிறேன். முதல் வருடம் பல்கனியில் காகத்துக்கு வைத்தேன். அடுத்த கிழமை கீழ்க் கதவில் நோட்டீஸ்: பறவைகளுக்கு உணவு வைக்க வேண்டாம், எலி வரும். அன்றையிலிருந்து ஒவ்வொரு திவசத்துக்கும் சோற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு காட்டு ஓரத்துக்குப் போய், ஆள் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் களவெடுத்தவள் மாதிரி வைத்துவிட்டு வருவேன். தீவில் அந்தக் காலை எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று நினைக்கிறீர்கள்? நோட்டீஸ் ஒட்ட ஒரு கதவும் இல்லை. அதுவும் அவர் சொன்ன அதே கடல், கண்ணுக்கு முன்னால்.

மற்ற இருவரும் வேலைக்குப் போனபிறகு சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க்கு வழியில்லாமல் கரட் கறி, கொண்டுபோன உளுந்தில் நாலு வடை. வாழையிலைக்குப் பதில் ஒரு பெரிய கோவா இலை. வீட்டுக்குப் பக்கத்தில் சாமான் போடுகிற கொட்டிலுக்குப் பின்னால் தட்டையான கல்லில் வைத்து, "கா… கா…" என்று கூப்பிட்டேன். ஒஸ்லோவில் அப்படிக் குரல் விட்டுக் கூப்பிட்டதே இல்லை. முதலில் ஒரு அண்டங்காக்கை. பின்னால் சாம்பல் காகம் இரண்டு. அவை சாப்பிடச் சாப்பிட நான் கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குசினி யன்னலுக்கு வெளியே அதே மூன்றும். வாசலில் நிற்கிற விருந்தாளியைப் பட்டினி போடுவதா? வைத்தேன். மூன்றாம் நாளும் வைத்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், விதி சொன்னார்களே என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விதி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் சொன்னது குப்பை. நான் வைத்தது படையல். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் பிள்ளை கையில் உடைந்த ஓடுகளோடு வந்தாள். வீட்டுப் பக்கம் ஆறு கூடு போய்விட்டது. இரண்டு கோடையாக வீட்டுப் பக்கம் காகம் தலைகாட்டவில்லையே, இப்போது ஏன் வீட்டையே சுற்றுகின்றன என்று கேட்டாள். பாறைக்காரர் தன் மேற்சட்டைப் பைகளை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார். நான் கட்டிக்கொடுத்த சான்ட்விச்சின் பாண் துகள். ஒருவேளை என்னால்தானோ, போகிற வழியெல்லாம் சிந்தியிருப்பேனோ என்றார். அந்தப் பெரிய மனிதர் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அகப்பையோடு நின்றேன். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை.

என் கணவர் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. ஒருமுறை பஸ்ஸைத் திருப்பும்போது யாரோ ஒருவரின் காரை உரசிவிட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் இறங்கிப் போய்ச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "பிழையைச் சுடச்சுடச் சொல்லிப்போட வேணும். ஆறினால் அது பொய்யாகிப்போடும்" என்றார். அவருடைய திவசச் சோற்றை வைத்த நானே அந்தப் பிழையை ஒரு நாள் முழுக்க ஆறவிட்டேன்.

அடுத்த நாள்தான் அவள் கொட்டிலுக்குப் பின்னால் போய், காய்ந்துபோன இலையைக் கண்டு, வந்து கதவைச் சாத்தினாள்.

"ஓம் பிள்ளை. நான்தான் வைச்சனான்," என்றேன். கத்தி கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. "என்ரை இவரின்ரை திவசம்."

அவள் முகம் கோபத்துக்கும் அழுகைக்கும் நடுவில் நின்றது. பிறகு யோசித்து, மெதுவாகச் சொன்னாள். காகம் எடுத்தது என்று மட்டும் எழுதிவிட்டால் போதும். காகம் எடுத்தது உண்மைதானே. இல்லாவிட்டால் அக்கா, உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

அவளுக்கு அதனால் என்ன வரும் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். நான் விடவில்லை. இருக்கிறதை எழுதினால் வீட்டுப் பக்கத்துக் கூடுகளை இந்தக் கோடைக் கணக்கில் சேர்க்க முடியாது. திரும்ப ஒரு கோடை வேண்டும், ஊருக்குப் போவது ஒரு வருடம் தள்ளும். எழுதாவிட்டால் ஒன்றும் தள்ளாது. ஆனால் வீட்டை நம்பி வந்த வாத்து கெட்டுப்போகும் என்று அவளுடைய ஆராய்ச்சி சொல்லும்.

"அது பொய்யெல்லோ," என்றேன். "மனுசரை நம்பிக் கூடு வைச்சதுகள். நான் செய்த வேலைக்கு அதுகளின்ரை நம்பிக்கையே பிழை எண்டு எழுதலாமே? எழுது பிள்ளை. நான் அவரிட்டையும் சொல்லுறன்."

பாறைக்காரரிடம் நானே போய் எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் சொன்னேன். படையல் என்பதற்கு அந்தப் பாஷையில் சொல் தெரியாமல், செத்துப்போன கணவருக்குச் சாப்பாடு கொடுத்தேன் என்றேன். மேற்சட்டைப் பையை ஒருதரம் தட்டினார். பிறகு, நல்லவேளை, நேற்றிலிருந்து என் பைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றார். என்னை அனுப்பவில்லை. ஆனால் விதியை இன்னொரு தரம் முழுக்கச் சொன்னார். இந்தமுறை நான் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு விளங்கிக்கொண்டேன்.

பிள்ளை பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் இருந்தாள். எத்தனை மணி, எவ்வளவு சோறு, எத்தனை நாள். எல்லாம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது. என்ன திதி என்று கேட்டாள். சொன்னேன். அதையும் எழுதினாள். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குக் கோவம்தான்க்கா. முட்டைக்கு மட்டும் இல்ல. அன்னைக்கு ராத்திரி எங்களுக்கு மீன் சூப்பு போட்டீங்க. திவசம்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்ல? மனுஷங்கள உள்ள வச்சுக்கிட்டு காக்காவத் தேடிப் போயிருக்கீங்க."

வேலை செய்கிற இடத்தில் சொந்தத் துக்கத்தைப் பரப்பக்கூடாது என்று இருபது வருடமாகப் பழகிவிட்டேன். மீதி நாட்கள் மரக்கறி வெட்டுவதையெல்லாம் வெளியே வாத்துப் பக்கம் கதிரையைப் போட்டே செய்தேன். காகம் வந்தால் சட்டி மூடியில் அகப்பையால் அடிப்பேன். இதைப் பார்த்த பிள்ளை, "அதையும் எழுதணும்க்கா" என்றாள். எழுதினாள். எனக்கு நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

இன்னொரு கோடை தரலாமா என்று அவளுடைய ஆராய்ச்சிப் பிரிவில் மாதக்கணக்காக யோசித்துவிட்டுத்தான் தந்தார்கள். அதுவரை கன்ரீனில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும். ஒருநாள் மதியம் மூலை மேசையில் இருந்து மதுரைக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம்தாங்க என்றது காதில் விழுந்தது. யாரால் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த வருடம் இவருடைய திதி ஜூலைத் தொடக்கத்தில் விழுந்தது. காலையில் சமைத்து, படத்துக்கு முன் படைத்து, வழக்கம்போல காட்டு ஓரத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. அவள்தான். தீவிலிருந்து வந்து நாலே நாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கையில் தமிழ்க் கடை வாழையிலை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேனே என்றாள்.

பிறகு வாத்துச் செய்தி சொன்னாள். வீட்டுப் பக்கம் அநேகமாக எல்லாக் கூட்டிலும் குஞ்சு. போன கோடை முட்டை பறிகொடுத்த வாத்துக்களில் சிலது அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அந்த வீட்டையே நம்பி அடைகாத்ததாம். எதைக் கண்டு வந்ததுகளோ.

என் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். இன்றைக்கு இது வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தாள். துக்கத்தை ஒளித்து வைத்தாலும் அது யாருடைய கூட்டிலோ போய் விழுந்துவிடுகிறது என்பதை எனக்குப் படிப்பித்தது அந்தத் தீவு. திவசச் சோறு வடிக்கும் ஒவ்வொரு தரமும் அந்த ஆறு கூடும் எனக்குள் வந்து போகின்றன. அன்றைக்கு அவள் அதையெல்லாம் பேசவில்லை. படத்துக்கு முன்னால் தரையில் வாழையிலையை விரித்து, சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "முதல் பிடி எனக்கு வைங்க" என்றாள். வைத்தேன். அவள் தொடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்பிடுங்கக்கா."

எட்டாம் மாடி வீட்டுக்குள், நோட்டீஸ் ஒட்ட முடியாத குரலில், "கா… கா…" என்று கூப்பிட்டேன். அவள் குனிந்து முதல் பிடியை எடுத்துச் சாப்பிட்டாள்.