துலுக்காணத்தின் மார்பளவு

துலுக்காணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எரியட்டும், சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவன் மட்டும் வலையை விட்டுவிட்டுப் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் கட்டுப் போடும் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலமானால் புதுவாயலில் எங்கள் தேகப்பயிற்சிக் கூடத்துக்கு வருவான். கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, நாலு கர்லாக் கட்டை, ஒரு கண்ணாடி. 1970 வரைக்கும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவன் நான்தான். ஆதிகேசவன் என்றால் அரிசி மில்லில் மூட்டை தூக்கி ஏறிய உடம்பு என்று ஊருக்கே தெரியும்.

அவன் வந்தான், என் பவிசு போயிற்று. டாக்டர் அறையில் தொங்கிய உடற்கூறு படத்தைப் பார்த்துப் பார்த்து அத்தனை தசைக்கும் பெயர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான்.

"கையை மடக்குறது பைசெப்ஸு. நீட்டுறது பின்னாடி கீற டிரைசெப்ஸு. புஜத்துல அதுதான் பெருசு. நீ முன்னாடியே பாத்துக்கினு பின்னாடிய வுட்டுட்ட, ஆதி" என்றான், எல்லார் முன்னாலும்.

அத்தனை பேரும் என் கையின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பாவி!

இன்னொரு நாள் எங்களை ஓடவிட்டு, மணிக்கட்டில் நாடி எண்ணச் சொன்னான். "கட்டை விரலை வெக்காத, அதுக்கே துடிப்பு உண்டு. ரெண்டு விரலை வெச்சிப் பாரு." ஓடி நின்ற பிறகு எவனுடைய இதயத் துடிப்பு சீக்கிரம் அடங்குகிறதோ அவன் உடம்புதான் பழகிய உடம்பாம். அவனுடையது முதலில் அடங்கியது. என்னுடையது கடைசி. அன்றிலிருந்து பயல்கள் அவனைச் சுற்றியே நின்றார்கள்.

மறுவருஷம் திருவள்ளூரில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். அதை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும், சாகிறவரைக்கும் மூட்டைதான். மார்பு எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் ஐந்து கூட வேண்டும். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

"மொதல் தபா அளக்கசொல்ல மூச்சை வுட்டுட்டு சும்மா நில்லு. அப்பால இழு. விலாவுக்கு நடுவுல கீற தசையும் வயித்துக்கு மேல கீற உதரவிதானமும் வேலை செஞ்சாத்தான் மாரு விரியும்" என்றான்.

"எனக்கு இன்னா சொல்ல வந்துட்ட? உன் வேலையப் பாரு" என்றேன். என் அளவைக் குறைத்துக் காட்டப் பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

அவனை முதலில் அளந்தார்கள். எண்பத்துமூன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இழுத்தான். தொண்ணூறு! சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்து நான். டேப்பைக் கண்டதும் மூச்சை இழுத்து மார்பைப் புடைத்துக்கொண்டு நின்றேன். நூற்றொன்று! அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்; அவன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். "இப்ப இழுப்பா" என்றார் ஏட்டு. இழுக்க இடமேது? நூற்றிரண்டு. "போ, போ" என்று வரிசையிலிருந்து நகர்த்திவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் வாங்கினான். சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அவனைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் கூடத்துக்கே வந்தார். நான் மட்டும் இருந்தேன். "துலுக்காணம் எப்பிடிப்பா? குடி, அடிதடி, கேஸு ஏதாச்சும் கீதா? தப்பா எதுனா இருந்தா சொல்லு, வேலை கெடையாது."

ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்துகொண்டு அவனிடம் ஒரு குறையைத் தேடினேன். அந்த மனுஷன் ஒரு பீடியைப் பற்றவைத்து முழுசாகக் குடித்து முடிக்கிற வரைக்கும் தேடினேன்.

"நல்லவன் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வயிற்றெரிச்சல் அத்தனைக்கும் அவனிடம் ஒரு குறைகூட அகப்படவில்லையே என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.