ரீனா வீட்டுக் கம்ப்யூட்டரில் யார்?

பேகம்பூர் ருக்சானாவுக்கு மூடிக் கிடக்கும் எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். ஏழாவது படிக்கும்போது வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு, அவள் அம்மாவை மூன்று நாள் அம்மியில் சட்னி அரைக்க வைத்தவள். பத்தொன்பது வயதில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வரவேற்பு மேசைக்கு வேலைக்குச் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் மேசை காலியாகக் கிடந்தது. இவள் உள்ளே மெக்கானிக் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது நாற்பத்தோரு வயது. ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பை, பைக்குள் திருப்புளியும் பென்டிரைவும். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஆண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெண்கள் இவளைத்தான் கூப்பிடுவார்கள். குடும்பப் படமெல்லாம் கிடக்கிற பெட்டியை முன்பின் தெரியாத ஆம்பளையிடம் எப்படிக் கொடுப்பது என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை மரியநாதபுரத்திலிருந்து ரீனா கூப்பிட்டாள். முப்பத்தாறு வயது. பிளஸ் டூ மாணவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பவள். கணவர் அமலன் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜர்.

"எங்க கம்ப்யூட்டர்ல யாரோ இருக்காங்கக்கா," என்றாள் ரீனா. போனில் அதற்கு மேல் பேச மாட்டேன் என்றாள்.

இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ருக்சானாவால் வீட்டில் உட்கார முடியுமா? அடுப்பில் வெந்துகொண்டிருந்த கத்தரிக்காய் வெஞ்சனத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

ரீனா கதவைச் சாத்திவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். கோத்தகிரியில் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஜனவரியில் விண்ணப்பித்தாள். அமலனிடம் சொல்லவில்லை, வேலை கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள். இரண்டு முறை ஆன்லைனில் நேர்காணல் வைத்தார்கள். இரண்டு முறையும் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை. முதல் தடவை, சொல்லி வைத்தது போல அன்றைக்கே அமலனின் அத்தைமார் நான்கு பேர் வடமதுரையிலிருந்து விருந்துக்கு வந்து இறங்கினார்கள். இரண்டாம் தடவை, இணைய மோடத்தை அன்று காலையில் அமலன் "ரிப்பேர்" என்று கழற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

"இந்த வேலை விஷயம் யாருக்குத் தெரியும்?"

"எங்க தங்கச்சி ரூபிக்கு மட்டும். சின்னாளபட்டில இருக்கா. எல்லாத்தையும் அவளுக்குத்தான் மெயில்ல எழுதுவேன். அவதான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டானு நெனச்சேன். ரெண்டு மாசமா அவகூடப் பேசறதில்ல. போன வாரம் ஆன்லைன் கிளாஸ்ல ஒரு பையன் சொன்னான், நாம டைப் அடிக்கிறதெல்லாம் பாக்குற புரோகிராம் இருக்கு மிஸ்னு. அதுலேருந்து மனசு ஆறல. வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இதான் கடைசின்னுட்டாங்க."

இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

ருக்சானா உட்கார்ந்தாள். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டாள். முக்கால் மணி நேரம் ஓடி, எல்லாம் சுத்தம் என்று பச்சை விளக்குப் போட்டது. மெயிலில் வேறு யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. பிரவுசரில் யாராவது வேண்டாத எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருக்கிறார்களா? கூப்பன் காட்டுகிற ஒன்று மட்டும் கிடந்தது, அது பாவம், யாரையும் வேவு பார்க்காது. காபி ஆறிப் போனது கூட அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கிறானா, அல்லது ரூபிதான் வாய் விட்டாளா? இது தெரியாமல் மேலே தோண்டுவதில் அர்த்தமில்லை.

"ஒரு பொய்யை எழுதுவோம் டீச்சர்," என்றாள். "யாருக்கும் அனுப்ப வேணாம், சேவ் பண்ணவும் வேணாம். வெறும் நோட்பேடைத் தொறந்து அடிச்சிட்டு, அப்படியே மூடிருங்க. யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. கம்ப்யூட்டர்ல ஆள் இருந்தா அந்தப் பொய்யி எங்கேயாவது தலைய நீட்டும்."

ரீனா யோசித்து யோசித்து இப்படி அடித்தாள்: இடது கடைவாய்ப் பல் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ருக்சானாவின் போன் அடித்தது.

"எங்க வீட்டுக்காரர் கிராம்புத் தைலம் வாங்கிட்டு வந்திருக்காங்கக்கா," என்றாள் ரீனா. "பஞ்சுல தொட்டு எடது பக்கம் வை, சரியாப் போயிரும்னு சொல்றாங்க. நான் பல்லப் பத்தி மூச்சே விடல."

ருக்சானாவுக்குத் தன் சோதனை பலித்ததில் உள்ளுக்குள் ஒரே குதூகலம். அப்படிக் குதூகலப்பட்டதற்கு மறுநாள் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எடது பக்கம்னே சொன்னாரா?"

"ஆமாக்கா." பிறகு ரீனா மெல்ல அழ ஆரம்பித்தாள். "அப்ப ரூபி சொல்லலக்கா. எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன் அவள."

அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ரூபி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அழுதாளாம்.

புதன்கிழமை அமலன் ஆபீசுக்குப் போனதும் ருக்சானா வந்துவிட்டாள். ஆள் யார் என்று தெரிந்தாயிற்று. எந்த வழியாக என்பதுதான் மிச்சம். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்து ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலை எடுத்தாள். மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றாக, உன்னைச் செய்தது யார், உனக்கு இங்கே என்ன ஜோலி என்று விசாரித்தாள். பதினைந்து பேர் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். பதினாறாவதற்குச் சாதுவான ஒரு பெயர் மட்டும் இருந்தது, செய்த கம்பெனியின் பெயர் இல்லை. அது இருந்த இடத்தைத் தேடிப் போனாள். உள்ளே ஒரு ஃபைல், ரீனா எழுத்தைத் தட்டத் தட்ட வீங்கிக்கொண்டே போனது.

"மாட்டிக்கிட்டான் டீச்சர்!" என்று அதைத் திறந்தாள். நீலக் கரை போட்ட சின்னப் பெட்டி ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது.

ருக்சானா அந்த நீலக் கரையை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பெட்டி அது. பெற்றோர்கள் பிள்ளைகளுக்காகப் போடச் சொல்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர். என்ன பார்க்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று தினமும் ஒரு அறிக்கை அனுப்பும். ஊரில் எத்தனையோ வீட்டில் இவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், அவளுடைய ஸ்கூட்டி நம்பர். மறந்துவிட்டேன் என்று கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல வசதி என்று அப்படி வைத்த சோம்பேறித்தனம். வேறு யாராவது போட்டதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஸ்கூட்டி நம்பரை அடித்தாள்.

திறந்தது.

போட்ட தேதி, அதற்கு முந்தின வருடம் பிப்ரவரி பதினொன்று. அறிக்கை தினமும் மாலை ஆறு மணிக்கு அமலனின் மெயிலுக்குப் போகிறது. ஸ்கேனில் இது அகப்படக் கூடாது என்ற விதிவிலக்கும் போட்டிருந்தது. அதையும் போட்டவள் இவள்தான். வெறும் சி.பி.யு. பெட்டியை மட்டும் பைக்கில் கட்டிக்கொண்டு, நல்ல மரியாதையாகப் பேசிய ஒருவர் பேகம்பூருக்கு வந்தது இப்போது ஞாபகம் வந்தது.

பேசாமல் அழித்துவிட்டு, ஏதோ வைரஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"டீச்சர், இதப் போட்டது நான்தான்."

ரீனாவுக்குப் புரியவில்லை.

"சார் பெட்டிய எங்க வீட்டுக்குக் கொண்டாந்தாரு. பிள்ளைங்க கண்டதையும் பாக்குதுங்க, ஒரு பாதுகாப்புப் போட்டுக் குடுங்கன்னாரு. நானும் போட்டுக் குடுத்தேன்."

ரீனா அவளையே பார்த்தாள். "எங்களுக்குப் பிள்ளை இல்லையேக்கா," என்றாள்.

வயரிலிருந்து வைரஸ் வரை ஆயிரம் கேள்வி கேட்கிற ருக்சானா, அந்த மனிதரிடம் பிள்ளைக்கு என்ன வயது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"செத்த நேரம் வெளிய இருங்க," என்றாள் ரீனா. 'அக்கா' என்று சொல்லவில்லை.

ருக்சானா வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். போய்விடலாமா என்று இரண்டு தரம் சாவியை எடுத்தாள், போகவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ரீனா முகம் கழுவியிருந்தாள்.

"இப்ப எடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

"அறிக்கை வராட்டி சந்தேகம் வரும்."

"அப்ப இன்னைக்கு இருக்கட்டும். நாளைக்கு உங்க வீட்டுல ஒரு மணி நேரம் எனக்கு எடம் வேணும்."

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ரீனா பேகம்பூர் வந்தாள். ருக்சானாவின் மடிக்கணினியில், பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, பதினோரு மணியிலிருந்து ஐம்பது நிமிடம் பேசினாள். ருக்சானா அடுப்படியில் நின்று, குக்கர் விசில் கூட வரவிடாமல் பார்த்துக்கொண்டாள். கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், ஜூன் முதல் தேதி வந்து சேர முடியுமா என்று கேட்டது. "வாரேன் மேடம்" என்று ஊர்ப் பேச்சு ரீனாவின் வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் ரீனாவும் சிரித்தார்கள்.

மூன்று மணிக்கு இருவரும் மரியநாதபுரத்துக்குத் திரும்பினார்கள். ரீனா ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோட்பேடைத் திறந்தாள்.

"அழிச்சிரவா டீச்சர்?"

"இது அறிக்கைல போகட்டும், அப்புறம் அழிங்க," என்று தட்ட ஆரம்பித்தாள். ருக்சானா பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ரீனாவே நகர்ந்து இடம் விட்டாள்.

'அமலன், இதை ஆறு மணிக்குப் படிப்பீர்கள். எனக்குப் பல் வலி இல்லை. கோத்தகிரி வேலை கிடைத்துவிட்டது, ஜூன் ஒன்றாம் தேதி சேருகிறேன். இன்றைக்கு ரூபி வீட்டுக்குப் போகிறேன். வேலைக்குப் போகாதே என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்போம், அது எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நானும் மறைத்தேன், அது என் தப்பு. இனி என்னைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் என்னிடமே கேளுங்கள்.'

ஆறு மணி வரை இருவரும் காத்திருந்தார்கள். ரீனா டீ போட்டுக் கொடுத்தாள். ருக்சானா பையிலிருந்த பழைய டைரியைப் புரட்டி, இதே சாஃப்ட்வேர் போட்ட வீடுகளை ஒரு தாளில் எழுதினாள். இன்னும் இருபத்தோரு வீடு. நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய் நின்று, யாருக்காகப் போட்டது என்று கேட்க வேண்டும்.

ஆறு மணிக்கு அறிக்கை போனது. ருக்சானா பாஸ்வேர்டு போட்டு அந்தப் பதினாறாவதை அடியோடு எடுத்தாள்.

நான்கு நிமிடத்தில் ரீனாவின் போன் அடித்தது. திரையில் அமலன் பெயர். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அது ஐந்தாறு தரம் அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்தாள்.

"கேளுங்க," என்றாள் ரீனா. "கேட்டாச் சொல்றேன்."