தளர்த்திய மூடி

பெருமாட்டி கிராமத்திலிருந்து பல வருஷம் கள்ளு வண்டி ஓட்டிய சிவப்பிரகாஷ், இப்போது ஆஸ்பத்திரி டிரைவர். கள்ளு கேனை இறுக மூடினால் பொங்கி வெடிக்கும். அந்தப் பழக்கத்தில், பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டியின் மூடியையும் வழியில் தளர்த்திவிட்டான். உள்ளே உறைந்திருந்த பிளாஸ்மா பைகள் உருகி, மஞ்சள் தண்ணீராய்த் தளும்பின.

“ஏனுங்கண்ணா, இதென்ன கள்ளுங்களா, தெறந்து உட்டிருக்கீங்க?” என்றாள் நர்ஸ் மௌனிகா. “ரத்தத்தை நிறுத்துற சத்தே இதுலதான் இருக்குதுங்க. வழியிலயே உருகிச் சூடேறி அது கெட்டுப்போச்சுங்க, இனி ஏத்த முடியாது.”

பிரசவித்த யோகப்பிரியாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவன் மறுபடி பாலக்காட்டுக்குப் பறந்தான்.

புதுப் பைகள் ஏறிய பிறகே அவள் பிழைத்தாள். அவள் கணவன் கோகுல்நாத் வந்து சிவப்பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டான். “எங்களுக்காக ரெண்டு தடவை ஓடுனீங்களாமுங்க.”

இரண்டாம் தடவை எதற்கென்று சொல்ல சிவப்பிரகாஷுக்கு வாய் வரவில்லை. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.